சொல்லடைவிலிருந்து கணிப்பொறிக்கு

மறைநூலில் ஒரு சொல் எங்கெங்கு வருகின்றது என்று அறிய விரும்பும் ஒருவர் இன்று கைப்பேசியில் அச்சொல்லை இடுகிறார்; கண்ணிமைக்கும் நேரத்தில் அதிகாரமும் வசன எண்ணும் வரிசையாக வந்து நிற்கின்றன. விவிலிய வினாடி வினாவுக்கு ஆயத்தம் செய்யும் இளையோரும், அன்பியக் கூட்டத்தில் இறைவார்த்தைப் பகிர்வை நடத்தும் பொறுப்பாளரும், மறைக்கல்வி ஆசிரியரும், மறையுரைக்கு ஆயத்தம் செய்யும் அருள்பணியாளராகிய நாமும் இவ்வசதியை நாள்தோறும் பயன்படுத்தி வருகிறோம். இதனைப் புதுமை என்று வியப்போர் உண்டு. இறைவார்த்தையை விளையாட்டுப் பொருளாக்க வந்த பொறி என்று ஐயுறுவோரும் உண்டு. இரு சாராரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. இந்தத் தேடலுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் பெரும்பகுதி துறவு மடங்களிலும் குருக்களின் எழுதுமேசைகளிலும் நிகழ்ந்தது. அதனைச் சற்று விரிவாக நோக்கினால், இக்கருவி நமக்கு எதைத் தரும், எதைத் தராது என்பது தெளிவாகும்.

பாரிசு மடத்தின் முயற்சி

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு நகரம் இறையியல் கல்வியின் தலைநகராய் விளங்கிற்று. அங்கே புனித யாக்கோபு மடத்தில் தொமினிக்கன் சபைத் துறவியர் வாழ்ந்து வந்தனர். மறையுரை ஆற்றுவதே அவர்கள் சபையின் பணி. ஆல்பி கொள்கையினரோடு வாதிட வேண்டியவர்களாயும், நகரத்து மக்களுக்குப் போதிக்க வேண்டியவர்களாயும் இருந்த அவர்களுக்கு, மறைநூலின் சொற்களை விரைவில் கண்டறியும் வழி தேவைப்பட்டது. அவர்களுள் முதன்மையானவர் செயிண்ட் ஷேர் ஊரைச் சேர்ந்த ஹியூ. பின்னர் 1244-இல் தொமினிக்கன் சபையிலிருந்து முதல் கர்தினாலாக உயர்த்தப்பட்டவரும் அவரே.

1230-களில் அவருடைய வழிகாட்டுதலில், இலத்தீன் வுல்காத்தா விவிலியத்தின் சொற்கள் அகர வரிசையில் தொகுக்கப்பட்டன. ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் இடங்கள் குறிக்கப்பட்டன. இத்தகைய தொகுப்பைச் சொல்லடைவு என்கிறோம். ஐந்நூறு துறவியர் இப்பணியில் ஈடுபட்டனர் என்று பழைய மரபு கூறும். எண்ணிக்கை எவ்வாறாயினும், ஒருவர் தனித்துச் செய்ய இயலாத பணியைக் குழுவாகப் பிரித்துக்கொண்டு செய்தனர் என்பது உறுதி.

அக்காலத்தில் வசன எண்கள் இல்லை. அதிகாரப் பிரிவும் அண்மையில்தான் வந்திருந்தது. பாரிசில் பேராசிரியராய் இருந்து பின்னர் காண்டர்பரி பேராயரான ஸ்டீபன் லாங்டனின் பெயரோடு அதனை இணைத்துக் கூறுவர். எனவே துறவியர் ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பகுதிகளாகக் கருதி, அப்பகுதிகளுக்கு இலத்தீன் எழுத்துகளை அடையாளமாக இட்டனர். நாம் இன்று எளிதாய்ச் சொல்லும் வசன எண், இராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகத்தார் 1551-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டுப் பதிப்பின் வழியாகவே பரவிற்று.

ஹியூவின் சொல்லடைவில் ஒரு குறை இருந்தது. சொல் வரும் இடத்தின் முகவரி மட்டுமே அதில் இருந்தது. அச்சொல் எந்தச் சொற்றொடரில் வருகிறது என்பது தரப்படவில்லை. ஆகவே ஒவ்வோர் இடத்தையும் புரட்டிப் பார்த்தாலன்றிப் பயனில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் ஆங்கில நாட்டுத் தொமினிக்கன் துறவியர் நீண்ட மேற்கோள்களைச் சேர்த்து மற்றொரு சொல்லடைவை உருவாக்கினர். அது அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது. அந்நூற்றாண்டு முடியுமுன் அளவான மேற்கோள்களோடு மூன்றாவது ஒன்று தோன்றி நிலைபெற்றது. முகவரி மட்டும் போதாது, சூழலும் வேண்டும் என்பதை அத்துறவியர் ஐம்பது ஆண்டுகளுக்குள் பட்டறிந்து கொண்டனர்.

மற்றொரு குறையும் இருந்தது. பெயர்களும் வினைகளும் தொகுக்கப்பட்டன. திரிபடையாத சிறு சொற்கள் விடப்பட்டன. 1431-இல் தொடங்கிய பாசல் பொதுச்சங்கத்தின் காலத்தில், இறையியல் வாதங்கள் இத்தகைய சிறு சொற்களின் பொருளைச் சார்ந்து நிற்கக் கண்ட ரகூசா நகரத்து யோவான் என்ற தொமினிக்கன் இறையியலாளர், அவற்றுக்கும் ஒரு சொல்லடைவு வேண்டும் என்று உணர்ந்து அதற்கு வழிசெய்தார். சிறு சொற்களைப் பற்றிய இக்கவலை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எழுந்ததை நாம் பின்னர்க் காண்போம்.

தனியொருவர் உழைப்பு

கிறிஸ்தவர்களின் இக்கருவியைக் கண்டு யூதர்களும் தங்களுக்கென ஒன்றை ஆக்கிக்கொண்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தென்பகுதியில் ஆர்ல் நகரில் வாழ்ந்த ஈசாக்கு நாத்தான் எபிரேய விவிலியத்துக்குச் சொல்லடைவு தொகுத்தார். கிறிஸ்தவரோடு நிகழ்ந்த சமய வாதங்களில் தம் மக்களுக்குத் துணை நிற்பதே அவர் நோக்கம். அதற்காகக் கிறிஸ்தவரின் அதிகாரப் பிரிவையே அவர் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. வாதிடப் பிறந்த கருவி, இரு சமயத்தாரும் ஒரே முகவரியால் மறைநூலைச் சுட்டும் நிலைக்கு வழி திறந்தது.

ஆங்கில விவிலியத்துக்கு 1737-இல் சொல்லடைவு வெளியிட்ட அலெக்சாண்டர் குரூடன் இலண்டனில் அச்சுப் பிழை திருத்துநராகவும் புத்தக வணிகராகவும் இருந்தவர். அவர் குழு ஏதுமின்றித் தனியே உழைத்தார். 1890-இல் அமெரிக்கரான ஜேம்சு ஸ்ட்ராங் வெளியிட்ட சொல்லடைவு மற்றொரு படி முன்னேறிற்று. அவர் பழைய ஏற்பாட்டின் எபிரேய, அரமேயச் சொற்களுக்கு 1 முதல் 8,674 வரையும், புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொற்களுக்கு 1 முதல் 5,624 வரையும் எண் இட்டார். மூலமொழி அறியாத ஒருவரும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் மூலச் சொல்லை எண்ணைக் கொண்டு அறியலாம். சொல்லுக்கு எண் இட்ட ஸ்ட்ராங் கணிப்பொறியைக் கனவிலும் கண்டிரார். எனினும் எண்களைக் கையாளப் பிறந்த அப்பொறிக்கு அவர் அறியாமலே விருந்து சமைத்து வைத்தார். இன்றைய விவிலிய மென்பொருள்கள் பலவற்றில் அவ்வெண்களே வழங்கி வருகின்றன.

ஒரு சிறு சொல்லைத் தேடிய குரு

இவ்வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி இருபதாம் நூற்றாண்டில் இத்தாலியில் நிகழ்ந்தது. இராபர்ட்டோ பூசா 1913-இல் பிறந்தவர். பெல்லூனோ குருமடத்தில், பின்னாளில் திருத்தந்தை முதலாம் யோவான் பவுலாக உயர்ந்த ஆல்பினோ லூச்சியானியோடு உடன் பயின்றவர். 1933-இல் இயேசு சபையில் சேர்ந்தார். போர்க்காலத்தில் படைவீரர்களுக்கு ஆன்ம குருவாய்ப் பணியாற்றினார். பின்னர் உரோமையின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். புனித அக்குவினா தோமையாரின் நூல்களில் 'உடனிருப்பு' என்னும் கருத்து எவ்வாறு விளக்கப்படுகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். கடவுள் நம்முள் இருக்கிறார் என்கிறோமே, அவ்வாறு இருத்தல் என்பது யாது என்ற கேள்வி அது.

'உடனிருப்பு' என்று நேரடியாகப் பொருள்படும் இலத்தீன் சொற்களை அவர் முதலில் தேடினார். அவை தோமையாரின் சிந்தனையில் ஓரத்தில் நிற்பவை என்று கண்டார். அக்கருத்தின் உயிர் 'இன்' என்னும் மிகச் சிறிய இலத்தீன் இடைச்சொல்லில் தங்கியிருந்தது. தமிழில் நாம் 'இல்' என்ற உருபால் உணர்த்தும் பொருளை இலத்தீனில் அச்சொல் உணர்த்தும். பூசா அச்சொல் வரும் வாக்கியங்களைப் பத்தாயிரம் அட்டைகளில் கையால் எழுதி, அவற்றை மீண்டும் மீண்டும் வகைப்படுத்தி அடுக்கி ஆய்ந்தார். 1946-இல் பட்டம் பெற்றார்.

அப்போது அவருக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. ஓர் ஆசிரியரின் உள்ளத்தை அறிய, அவர் பயன்படுத்திய பெரிய சொற்கள் மட்டும் போதா. அவர் கவனியாமலே கையாண்ட சிறு சொற்களும் வேண்டும். ஆகவே தோமையாரின் எல்லா நூல்களின் எல்லாச் சொற்களையும், ஒன்றையும் விடாது, தொகுக்க வேண்டும். கையால் எழுதி முடிக்கக்கூடிய பணியா அது?

பொறியின் துணையைத் தேடி அவர் 1949-இல் அமெரிக்கா சென்றார். ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமசு வாட்சனைச் சந்தித்தார். தம் பொறிகளால் இது இயலாது என்று வாட்சன் எண்ணியதாகவும், இயலாததையும் சற்றுக் கூடுதல் காலம் எடுத்துச் செய்து முடிப்போம் என்று பெருமை பேசிய அந்நிறுவனத்தின் சுவரொட்டியையே பூசா அவர் முன் வைத்ததாகவும் பூசா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். உதவி கிடைத்தது. முதற்கண் கிடைத்தவை கணிப்பொறிகளல்ல. வணிகக் கணக்குக்குப் பயன்பட்ட துளையட்டைப் பொறிகளே. அவற்றைக் கொண்டு 1951-இல் தோமையாரின் வழிபாட்டுப் பாடல்களுக்குச் சொல்லடைவு ஒன்றை மாதிரியாக வெளியிட்டார்.

பெயர் அறியப்படாத கைகள்

கல்லராத்தே என்ற ஊரில் பூசா ஒரு மையம் நிறுவினார். தோமையாரின் இலத்தீன் வாக்கியங்களை அட்டைகளில் துளையிட வேண்டும். இட்டதைச் சரிபார்க்க வேண்டும். பொறி பிரித்துத் தரும் சொற்களை அகர வரிசையில் அடுக்க வேண்டும். ஒரே சொல்லின் பல திரிபுகளையும் அறிஞர் ஆராய்ந்து ஒரு தலைச்சொல்லின் கீழ்ச் சேர்க்க வேண்டும். துளையிடும் பணியைச் செய்தோர் பெரும்பாலும் அவ்வட்டாரத்து இளம்பெண்கள். அவர்களுக்கென அங்கே பயிற்சிப் பள்ளி ஒன்றும் நடந்தது.

இலத்தீன் அறியாத பெண்களையே பூசா விரும்பித் தேர்ந்தார் என்று அவரோடு பணியாற்றியவர்கள் கூறியுள்ளனர். இலத்தீன் அறிந்தவர்கள் தமக்குத் தெரியும் என்ற துணிவில் கவனம் குறைந்து பிழை செய்தனராம். அறியாதவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் உற்று நோக்கியதால் அவர்கள் பணி திருத்தமாய் இருந்ததாம். மறைநூலைப் பலமுறை கேட்டுப் பழகிய நாம் இங்கே சற்று நின்று சிந்திக்கலாம். நன்கு தெரிந்த நற்செய்திப் பகுதி வாசிக்கப்படும்போது நம் செவி எத்தனை முறை உறங்கிவிடுகிறது!

அப்பெண்களின் பெயர்கள் நெடுங்காலம் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தன. அண்மை ஆண்டுகளில்தான் ஆய்வாளர்கள் பழைய புகைப்படங்களைக் கொண்டு அவர்களைத் தேடி, உயிரோடிருந்தோரின் நினைவுகளைப் பதிவு செய்தனர். கோவில் கட்டிய கொத்தனாரின் பெயர் கல்வெட்டில் இல்லாதது போன்றதே இது.

பணி முப்பது ஆண்டு நீண்டது. தோமையார் சொல்லடைவு 1974-இல் தொடங்கி 1980-இல் 56 தொகுதிகளாக நிறைவுற்றது. ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் சொற்கள் அதில் அடங்கின. 2005-இல் அது இணையத்திலும் இடம்பெற்றது. பூசா 2011-இல் தமது 97-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தம் பணியைப் பற்றி 1980-இல் அவர் எழுதிய கணக்கு ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. கணிப்பொறி இயங்கிய நேரம் பத்தாயிரம் மணிக்கும் குறைவு; மனிதர் உழைத்த நேரம் பத்து இலட்சம் மணிக்கும் மிக அதிகம். பொறி வந்தால் உழைப்பு ஒழியும் என்று எண்ணுவோருக்கு அவருடைய கணக்கே விடையாகும்.

இதே காலத்தில் விவிலியத்துக்கும் பொறி பயன்படத் தொடங்கிற்று. அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் சபைக் குருவான ஜான் எலிசன், 1952-இல் முழுமையாக வெளிவந்த திருத்திய ஆங்கில விவிலியத்துக்கு யூனிவாக் கணிப்பொறியைக் கொண்டு சொல்லடைவு தயாரித்தார். அது 1957-இலேயே அச்சாகிவிட்டது.

பூட்டிய கதவு திறந்தது

கருவி விரைவைத் தருவதோடு நீதிக்கும் துணை நின்ற நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1947 முதல் கும்ரான் குகைகளில் சாக்கடல் சுருள்கள் கண்டெடுக்கப்பட்டன. 1952-இல் கண்டறியப்பட்ட நான்காம் குகையில் ஆயிரக்கணக்கான துண்டுகள் கிடைத்தன. அவற்றைப் பதிப்பிக்கும் பொறுப்பு ஒரு சிறு அறிஞர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகள் பல கடந்தன, பெரும்பகுதி வெளிவரவில்லை. குழுவிற்கு வெளியே இருந்த அறிஞர்கள் அச்சுருள்களைக் காணவும் இயலவில்லை.

1950-களின் இறுதியில் அக்குழுவின் பயன்பாட்டுக்காக, வெளிவராத அத்துண்டுகளின் சொற்கள் அட்டைகளில் தொகுக்கப்பட்டிருந்தன. அப்பணியில் ஈடுபட்ட இளைஞர்களுள் இருவர் பின்னர்ப் புகழ்பெற்ற கத்தோலிக்க விவிலிய அறிஞர்களாயினர்: இயேசு சபையைச் சேர்ந்த ஜோசப் பிட்ஸ்மையர், சுல்பீசியன் சபையைச் சேர்ந்த ரேமண்ட் பிரவுன். அவ்வட்டைகள் 1988-இல் மிகச் சில படிகளே அச்சிடப்பட்டு ஓரிரு நூலகங்களை அடைந்தன.

சின்சினாட்டி எபிரேயக் கல்லூரியில் பேராசிரியராய் இருந்த பென் சீயோன் வாக்கோல்டர் பார்வை மிகவும் குன்றியவர். அவரும் அவருடைய மாணவர் மார்ட்டின் அபெக்கும் அச்சொல்லடைவைக் கையில் எடுத்தனர். ஒவ்வொரு சொல்லும் அதன் அண்டைச் சொற்களோடு குறிக்கப்பட்டிருந்தமையால், அண்டைச் சொற்களைத் தொடர்ந்து சென்றால் முழு வாக்கியத்தை மீட்கலாம் என்று கண்டனர். அபெக் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றினார்; சிதறிக் கிடந்த சொற்கள் வாக்கியங்களாய் எழுந்து நின்றன. 1991 செப்டம்பரில் அவ்வாறு மீட்ட முதல் பகுதி நூலாயிற்று. அதே மாதத்தில் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம் தன்னிடமிருந்த சுருள்களின் நிழற்படங்களை ஆய்வாளர் அனைவருக்கும் திறந்துவிட்டது.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், மறைநூலை அணுகும் வழி இறைமக்கள் அனைவருக்கும் தாராளமாகத் திறந்திருக்க வேண்டும் என்று பணித்தது. ஒரு காலத்தில் மடத்து நூலகத்தில் மட்டும் இருந்த சொல்லடைவு இன்று மீனவர் குப்பத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உள்ள பொதுநிலையினர் கைக்கு வந்துள்ளது. இதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

எண்ணிக்கை தடுமாறும் இடம்

ஆயினும் எச்சரிக்கையும் வேண்டும். 1963-இல் ஸ்காட்லாந்து சபைப் போதகர் ஏ. கியூ. மார்ட்டன், பவுலின் பெயரால் வழங்கும் மடல்களைக் கணிப்பொறியால் ஆய்ந்தார். வாக்கியங்களின் நீளத்தையும், கிரேக்கத்தில் 'உம்' என்ற பொருள்படும் 'காய்' எனும் சிறு சொல் வரும் விழுக்காட்டையும் கணக்கிட்டு, உரோமையர், 1, 2 கொரிந்தியர், கலாத்தியர் ஆகிய பெருமடல்களே பவுலுடையவை. அவற்றோடு சிறிய பிலமோன் மடலையும் சேர்க்கலாம் என்று அறிவித்தார். செய்தித்தாள்கள் பரபரப்பாய் எழுதின. சொல்லடைவு தயாரித்த எலிசன் குரு அதே முறையை ஆங்கில எழுத்தாளர் ஜேம்சு ஜாய்சின் நாவலுக்குப் பொருத்தினார். அம்முறைப்படி அந்த ஒரே நாவலைப் பலர் எழுதியிருக்க வேண்டும் என்ற முடிவு வந்தது! பின்னர் 1986-இல் மெய்யியலாளர் அந்தோணி கென்னி வேறு பல அளவைகளைக் கொண்டு ஆய்ந்து, தீத்து மடல் நீங்கலாக மற்றப் பன்னிரண்டும் ஒருவரே எழுதியிருக்கக்கூடும் என்ற முடிவை அடைந்தார். நூல் ஒன்றே, பொறியும் ஒன்றே, எதை எண்ணுவது என்று முடிவுசெய்யும் மனிதர் மாறியதும் விடையும் மாறிற்று.

1997-இல் மைக்கேல் டிராஸ்னின் என்ற செய்தியாளர், எபிரேய விவிலியத்தின் எழுத்துகளை இடைவிட்டு எடுத்துக் கணிப்பொறியால் அடுக்கினால் பிற்கால நிகழ்ச்சிகள் அதில் மறைந்திருப்பது தெரியும் என்று நூல் எழுதினார். ஆஸ்திரேலியக் கணித அறிஞர் பிரண்டன் மக்கே அதே முறையைத் திமிங்கில வேட்டை பற்றிய 'மோபி டிக்' என்னும் நாவலுக்குப் பொருத்தித் தலைவர்களின் கொலைகளை 'முன்னறிவித்து'க் காட்டினார். போதிய எழுத்துகள் இருந்தால் தேடுபவர் விரும்பியது கிடைத்தே தீரும். இன்றும் இத்தகைய செய்திகள் நம் பங்குகளில் பரவுவதுண்டு. அவற்றைப் பக்தி என்று எண்ணி ஏமாறலாகாது.

நம் மொழியில் தேடும்போது

1980-களிலும் 1990-களிலும் தனியாள் கணிப்பொறிகள் பெருகியபோது விவிலிய மென்பொருள்களும் பெருகின. பெல்ஜியம் நாட்டின் மாரெட்சூ ஆசீர்வாதப்பர் மடம் இத்துறையில் முன்னோடியாய் இருந்தது. எனினும் பரவலாய்க் கிடைத்த ஆங்கில மென்பொருள்கள் பலவும் பிற கிறிஸ்தவ சபையினர் ஆக்கியவை. அவற்றில் 66 நூல்களே இருந்தன. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் நூல்கள் இரண்டு ஆகிய ஏழும் இல்லாத ஒன்றில் 'ஞானம்' என்ற சொல்லைத் தேடும் கத்தோலிக்கர், ஞான இலக்கியத்தின் இரு பெரும் நூல்களைத் தாமறியாமலே இழக்கிறார். இல்லாததை இல்லை என்று பொறி சொல்வதில்லை. இருப்பதை மட்டும் காட்டி நின்றுவிடும். ஆகவே நம் கையிலுள்ள செயலியில் 73 நூல்களும் உள்ளனவா, எந்த மொழிபெயர்ப்பு உள்ளது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழுக்கு வேறு தடைகளும் இருந்தன. 1995-இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்த காலத்தில், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஒன்றில் தட்டியது மற்றொன்றில் பொருளற்ற கிறுக்கலாய்த் தோன்றும். யூனிகோடு என்னும் பொதுக் குறியீடு பரவிய பின்னரே தமிழில் தேடுதல் எளிதாயிற்று. ஆனால் மொழியின் இயல்பு மாறுவதில்லை. 'வா' என்று தேடினால் 'வந்தார்' கிடைக்காது; 'அன்பு' என்று முழுச்சொல்லை இட்டால் 'அன்பின்', 'அன்பால்', 'அன்போடு' விடுபடும். பூசாவின் அறிஞர்கள் இலத்தீன் திரிபுகளைத் தலைச்சொல்லின் கீழ்ச் சேர்த்த அதே உழைப்பு தமிழுக்கும் தேவை.

பூசாவின் கேள்வியையே தமிழில் கேட்டுப் பாருங்கள். நமக்கு 'இல்' தனிச்சொல்லன்று. 'உள்ளத்தில்', 'கிறிஸ்துவில்' என்று பெயரோடு ஒட்டி நிற்கும் ஏழாம் வேற்றுமை உருபு. அதனைத் தேடினால் 'இல்லை', 'இல்லம்' எல்லாம் வந்து குவியும். பவுலின் மடல்களில் 'கிறிஸ்துவில்' என்ற கிரேக்கத் தொடர் எத்தனை சிறப்புடையது என்பதை அடால்ப் டைஸ்மன் என்ற செருமானிய அறிஞர் 1892-லேயே கையால் எண்ணி எழுதினார். 'ஆண்டவரில்' என்பன போன்ற தொடர்களையும் சேர்த்து 164 இடங்கள் என்றார். நம் பொது மொழிபெயர்ப்பு இத்தொடரைப் பல இடங்களில் 'இணைந்து' என்ற சொல்லால் தமிழியல்புக்கு ஏற்பப் பெயர்த்துள்ளது. 'கிறிஸ்துவில்' என்று மட்டும் தேடுவோர் அவ்விடங்களைத் தவறவிடுவர். மடலை முழுதும் வாசிப்போர் கண்டுகொள்வர்.

தேடியபின் செய்ய வேண்டியது

இறுதியாக ஓர் எடுத்துக்காட்டு. யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவர் பேதுருவை மும்முறை கேட்கிறார். முதல் இரு முறையும் அவர் கேட்கும் கிரேக்க வினைச்சொல் 'அகபாவோ'; மூன்றாம் முறை 'பிலேயோ'. பேதுரு மும்முறையும் 'பிலேயோ' என்றே விடை சொல்கிறார். ஸ்ட்ராங் எண்ணைத் தொட்டால் இவ்வேறுபாடு உடனே தெரியும். இதனைக் கொண்டு, ஆண்டவர் தெய்வீக அன்பைக் கேட்டார், பேதுருவால் வெறும் நட்பையே தர இயன்றது, ஆண்டவர் அவருடைய நிலைக்கு இறங்கி வந்தார் என்று விளக்கும் மறையுரைகளைப் பலரும் கேட்டிருப்பர்.

அதே கருவியைக் கொண்டு அந்நற்செய்தி முழுவதையும் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தந்தை மகன்மேல் கொண்ட அன்பை யோவான் 3:35-இல் 'அகபாவோ' என்றும், 5:20-இல் 'பிலேயோ' என்றும் எழுதுகிறார். இயேசு அன்பு செய்த சீடரைக் குறிக்க 13:23-இல் ஒன்றையும் 20:2-இல் மற்றதையும் வழங்குகிறார். தந்தையின் அன்பு ஓரிடத்தில் உயர்ந்தும் மற்றோரிடத்தில் தாழ்ந்தும் இருக்குமோ? இளமையில் சாக்கடல் சுருள்களின் சொற்களை அட்டையில் எழுதிய அந்த ரேமண்ட் பிரவுன், பின்னர் யோவான் நற்செய்திக்கு எழுதிய பேருரையில், அவ்விரு சொற்களும் இங்கே ஒரு பொருளே தருகின்றன என்ற கருத்தையே சார்ந்து நின்றார். ஒருமுறை தேடி நின்றுவிட்டால் ஒரு விளக்கம். தொடர்ந்து வாசித்தால் மற்றொன்று. மும்முறை மறுதலித்தவரிடம் மும்முறை கேட்கப்படுகிறது என்பதும், ஒவ்வொரு முறையும் ஆடுகள் அவர் பொறுப்பில் விடப்படுகின்றன என்பதும் எந்தச் சொல்லடைவிலும் கிட்டா. அவை கதை முழுவதையும் அறிந்தவருக்கே புலப்படும்.

பாப்பிறை விவிலிய ஆணையம் 1993-இல் வெளியிட்ட ஏடும், மறைநூலின் சொற்களை அவற்றின் வரலாற்றுச் சூழலிலிருந்து பிரித்து எழுத்தளவில் பற்றிக்கொள்ளும் வாசிப்பின் ஆபத்தை எடுத்துரைத்தது. இன்று அவ்வாபத்து மிகுந்துள்ளது. முன்பெல்லாம் ஒரு வசனத்தைத் தேடிப் பக்கங்களைப் புரட்டும்போது வழியில் பத்து வசனங்கள் கண்ணில் படும். தேடாத ஒன்று நம்மைத் தடுத்து நிறுத்தும். இன்று பொறி நேரே கொண்டு சேர்த்துவிடுகிறது. வழி தெரியாமற் போகிறது. நாம் ஏற்கெனவே நம்புவதற்குச் சான்று திரட்டவே மறைநூலைத் திறப்போமாயின், அது நம்மோடு பேச இடமே இராது.

ஆகவே நம் அன்பியங்களிலும் விவிலியக் குழுக்களிலும் எளிய வழக்கம் ஒன்றைக் கைக்கொள்ளலாம். ஒருவர் கைப்பேசியில் ஒரு சொல்லைத் தேடட்டும். கிடைத்த இடங்களுள் ஒன்றைக் குழு தேர்ந்துகொள்ளட்டும். பின்னர் கைப்பேசியை மூடிவைத்து, அவ்விடம் அமைந்துள்ள அதிகாரம் முழுவதையும் அச்சிட்ட நூலிலிருந்து ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கேட்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அப்போது குழுவில் சம பங்கு பெறுகிறார். சொல்லைத் தேடிக் கொடுத்த இளைஞர் காணாத ஒன்றை, வாழ்க்கையில் அடிபட்ட அவர் கண்டு சொல்லக்கூடும்.

பூசா தம் வாழ்நாளெல்லாம் தொடர்ந்த பணிக்கு வித்து, இறைவன் நம்முள் இருக்கிறார் என்பதன் பொருளை அறியும் வேட்கையே. ஐம்பத்தாறு தொகுதிகளும் அவ்வேட்கையின் பின்னால் வந்தவை. கருவி நம் கைக்கு எளிதாய் வந்துவிட்டது. அவ்வேட்கையை எந்தச் செயலியும் தராது. அதனைத் தூய ஆவியாரிடம் கேட்டுப் பெற்று, பொறுமையோடு வாசிப்பதே நம் கடமையாகும்.